மரத்தக்காளிக்குப் பெய்த மழை

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் ஆறு பேர்!

பால்காரர், எதிர் வீட்டு விஜயா, விஜயாவின் நாத்தனார், அயர்ன் வண்டிக்காரர்... வாக்கிங் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வேறு கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காலை நேரத்தில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு வீட்டு வாசலில் நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குப் பகீர் என்றது. நல்லவேளை, உள்ளே என் கணவர் தும்மினார்.

"டீச்சர், உங்க கொல்லையில சுண்டைக்காய்ச் செடியில தக்காளி தொங்குதாமே?" என்றார் பால்காரர்.

சேதி எப்படிப் பரவியது என்று நான் கேட்கவில்லை. பால் வாங்கப் பாத்திரத்தோடு வாசலுக்குப் போகிற என் கணவர், அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வருவார். அந்த அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மயிலாடுதுறை முழுக்கத் தெரிந்துவிடும்.

எல்லோரையும் கொல்லைக்கு அழைத்துப் போனேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கிறது அது. முழங்கால் உயரம் வரை முள்ளும் தண்டுமாக அசல் சுண்டைக்காய்ச் செடி. அதற்கு மேலே ஆளே மாறிவிடும். முறம் அகலத்துக்கு இலை. எட்டிப் பிடிக்க வேண்டிய உயரத்தில் கிளை. கிளையிலிருந்து நீளக் காம்பில் மூன்று பழங்கள் தொங்குகின்றன — கோழிமுட்டை சைஸில், கருஞ்சிவப்பாக.

"இது கத்திரிக்காய் டீச்சர். பழுத்துப் போச்சு" என்று பால்காரர் தீர்ப்புச் சொன்னார். "கண்ணு பட்டுடப் போவுது, ஒரு பழைய செருப்பைக் கட்டிவிடுங்க" என்றார் விஜயாவின் நாத்தனார். அயர்ன் வண்டிக்காரர் ஒருத்தர்தான் உருப்படியாகக் கேட்டார்: "திங்கலாமா?"

திங்கலாம். பெயர் மரத்தக்காளி. கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பல வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் நிற்கும். பெரிய நகரத்துக் கடைகளில் 'டாமரில்லோ' என்று ஸ்டிக்கர் ஒட்டி, பஞ்சு மெத்தையில் படுக்க வைத்து விற்கிறார்கள். ஸ்வெட்டர் போடுகிற ஊரில் வளர்கிற ஆசாமி. அது விசிறியைக் கீழே வைக்க முடியாத எங்கள் ஊரில் காய்த்திருக்கிறது என்றால் தெரு கூடாதா?

ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போகும்போது விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உங்க கை ராசியான கை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இந்த மரத்தை ஒரு தடவை கொன்றதும் இதே கைதான்.

அந்தக் கதையைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப் போகிறேன். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

என் மருமகள் நிவேதா கோத்தகிரிப் பெண். என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவளுக்கு இங்கே பேங்க்கில் வேலை. ஆக வீட்டில் நானும் என் கணவரும் அவளும்தான். அவள் அதிகம் பேசமாட்டாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று. அதுவும் "சரிங்க அத்தை" என்று இருக்கும். சண்டை போடக்கூட ஆள் அகப்படாத மாமியார் நான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவள் அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் லாரி ஓட்டினவர். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. சமையலறைக்குப் பின்னால் அவர் ஒரு மரத்தக்காளி வைத்திருந்தார். லீவு நாளில் பழத்தைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பச்சை மிளகாயும் பூண்டும் உப்பும் வைத்து நசுக்கி அவரே சட்னி செய்வாராம். அன்றைக்கு மனைவியையும் மகளையும் அடுப்புப் பக்கம் விடமாட்டாராம்.

நிவேதாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. நிவேதாவின் அம்மா திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். புதிதாகக் குடிவந்தவர்கள் மாட்டுக்கொட்டகை போட அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்கு மாடு முக்கியம்.

வீட்டைக் காலி செய்யப் போன அன்று நிவேதா அந்த மரத்தில் கடைசியாக ஒரு பழம் பறித்தாள். அதன் விதையை பேப்பரில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். இங்கே தொட்டியில் தூவியதில் இருபது இருபத்தைந்து முளைத்தன. எங்கள் வெயில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது.

அப்பாவிடமிருந்து அவளுக்கு மிஞ்சியவை மூன்று. ஒரு கைக்கடிகாரம், ஒரு ஸ்வெட்டர், இந்தச் செடி. கடிகாரம் ஓடவில்லை. ஸ்வெட்டரை மாயவரத்தில் யார் போடுவது? செடியைத்தான் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். காலையில் பேங்க்குக்குக் கிளம்பும்முன் அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவாள். இடுப்பு உயரம் வந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துக் கொல்லையில் நட்டாள்.

அந்த வருஷம் ஆனி மாதம். அவளுக்குத் திருச்சியில் பன்னிரண்டு நாள் டிரெயினிங்.

கிளம்பும்போது சொன்னாள்: "அத்தை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சொம்பு தண்ணி. அது போதும். அதுக்கு மேல வேண்டாம்."

நான் சிரித்தேன். "முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்தவகிட்ட செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லித் தர்றியாம்மா?"

வாய்... என் வாய்!

மறுநாள் மத்தியானம் துணி காயப்போடப் போனேன். செடியைப் பார்த்து வாளியைக் கீழே போட்டேன். அத்தனை இலையும் துவண்டு தண்டோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது! ஒரே ஒரு நாள்தான் பார்த்துக்கொண்டேன், அதற்குள் இந்தக் கதியா? "என்னங்க, ஓடி வாங்க" என்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் பாசனத் துறையில் லஸ்கராக இருந்து ரிட்டயரானவர். ஆற்று மதகைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதும், கரையைக் காவல் காப்பதும் அந்த வேலை. கூடவே தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். முப்பத்தொரு வருஷம் இதைச் செய்திருக்கிறார். கடைமடையில் பயிர் வாடுகிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வந்தார். செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரோகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தண்ணி பத்தல."

எங்கள் ஜில்லாக்களில் இது சர்வரோக நிவாரணி. பயிர் மஞ்சளானால் தண்ணீர், பூச்சி விழுந்தால் தண்ணீர், ஒன்றும் புரியாவிட்டால் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் பயிர் மூழ்கி அழுகுவதையும் நாங்கள்தான் வருஷா வருஷம் பார்க்கிறோம். ஆனால் ஆனி மாதத்தில், மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடுகிற வாரத்தில், அதெல்லாம் யாருக்காவது ஞாபகம் வருமா?

என் கணவர் மண்வெட்டியை எடுத்தார். செடியைச் சுற்றி வட்டமாக வரப்பு கட்டினார். சும்மா இல்லை, நடவு வயலுக்குக் கட்டுகிற மாதிரி தட்டித் தட்டி, வழவழவென்று. நான் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பைச் செருகினேன். பாத்தி நிரம்பித் தளும்பியது.

சாயந்திரம் போய்ப் பார்த்தால் இலைகள் எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கின்றன! நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பெருமையோடு பார்த்துக்கொண்டோம்.

உண்மை என்ன தெரியுமா? அந்தச் செடி அப்படித்தான். இலை அகலம். உச்சி வெயிலில் துவளும், வெயில் தாழ்ந்தால் தானாக நிமிரும். ஒரு சொட்டு ஊற்றாமல் இருந்திருந்தாலும் நிமிர்ந்திருக்கும். இது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பெருமையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மத்தியானமும் துவண்டது. மறுபடி தண்ணீர். அதற்கு அடுத்த நாளும். பத்து நாள்! நாற்று நட்டிருந்தால் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருக்கும்.

'வேரும் சுவாசிக்கிறது, மண்ணில் காற்றில்லாவிட்டால் வேர் மூச்சுத் திணறும்' — இதை நான் போர்டில் படம் போட்டு எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்! பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி அது. எழுதாத பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

எட்டாம் நாள் அடியிலை மஞ்சளானது. "உரம் பத்தல" என்றார் என் கணவர். பத்தாம் நாள் உச்சியைத் தவிர மற்ற இலைகளெல்லாம் விழுந்துவிட்டன. சேற்றிலிருந்து ஒரு வாடை வந்தது. குனிந்து அடித்தண்டைத் தொட்டேன். கொழகொழவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு மார்க் கேள்வி ஞாபகம் வந்தது.

என் கணவர் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விட்டார். மண்ணைச் சமன் செய்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லப் போறோம்?"

"மழைன்னு சொல்லுவோம்" என்றேன்.

"மழையா?" என்று அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "எத்தனை மில்லிமீட்டர்?"

"உங்ககிட்ட ரெஜிஸ்டர் கேட்டாங்களா இப்போ? நான் பேசிக்கிறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க, அது போதும்."

பயந்தேன் என்பதுதான் உண்மை. அவள் கத்துவாள் என்று பயப்படவில்லை. கத்துகிற பெண் இல்லை அவள். இந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் வைத்திருந்தது அது ஒன்றுதான். அதையும் என்னை நம்பி விட்டுப் போனாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

நிவேதா ஆட்டோவிலிருந்து இறங்கி, பையோடு நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தண்டை இரண்டு விரலால் பிடித்தாள். விரல் உள்ளே போனது.

"மூணு நாளா மழைம்மா. கொட்டித் தீத்துடுச்சு" என்றேன், அவள் கேட்காமலே.

என் கணவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது.

"பரவாயில்லைங்க அத்தை" என்றாள் நிவேதா.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவள் இருட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். வெங்காயம் நறுக்குகிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

பொய் சொல்வது சுலபம். அதைப் பராமரிப்பதுதான் கஷ்டம். மறுநாளே விஜயா வந்து, நிவேதா பக்கத்தில் நிற்கும்போது, "என்ன வெக்கை டீச்சர் இந்த வருஷம்! ஒரு பொட்டு மழை உண்டா?" என்று ஆரம்பித்தார். நான் இருமினேன். நன்றாகவே இருமினேன். விஜயா எனக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று. செடியின் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை இன்னும் இருந்தது. அது என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எப்போதோ தன் மொட்டைமாடியில் காய்த்த டிராகன் பழத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பஷீர் பாய். மலேசியாவில் ரொம்ப காலம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். பழைய மெசேஜையெல்லாம் தோண்டி அவர் நம்பரைக் கண்டுபிடித்தேன்.

"மேல பச்சையா இருக்கா அக்கா? அப்ப அது சாகல" என்றார் போனில். "உங்க வீட்டுல சுண்டைக்காய் இருக்கா?"

"இருக்கு பாய். ஏன், வத்தல் வேணுமா?"

"ஐயோ அக்கா, செடி இருக்கான்னு கேட்டேன்! மரத்தக்காளியை ஒண்ணும் பண்ணாதீங்க. நாளைக்கு நான் வர்றேன்."

வந்தார். சட்டைப் பையில் ஒரு புது பிளேடு, ஒரு பிளாஸ்டிக் நாடா, ஒரு பெரிய பாலித்தீன் கவர். அவ்வளவுதான் ஆபரேஷன் தியேட்டர். கத்திரி, தக்காளி, சுண்டை, மரத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பமாம். சுண்டைக்காய்க்கு எங்கள் மண் பழக்கம். ஈரத்துக்கும் வேர் நோய்க்கும் லேசில் அசராது. மரத்தக்காளியை அதன்மேல் ஒட்டிவிட்டால், கீழே உள்ளவன் பார்த்துக்கொள்வான் என்றார்.

எல்லாம் சரி. நிவேதாவும் பக்கத்தில் நிற்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு அழுகியிருக்கே. எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"மழை பாய்... மூணு நாள்..."

"மழையா? எங்க ஊர்ப் பக்கம் தூறல்கூட இல்லையே?"

என் கணவர் மோட்டார் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும் என்று அவசரமாக உள்ளே போய்விட்டார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிவேதாதான், "இந்த பிளேடு போதுமாங்க அண்ணா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பஷீர் பாய் கிணற்றடியில் நின்ற எங்கள் சுண்டைக்காய்ச் செடியின் தண்டை முழங்கால் உயரத்தில் வெட்டி, நடுவே பிளந்தார். மரத்தக்காளியின் உச்சியை நறுக்கி, அடியை ஆப்பு மாதிரி சீவி, அந்தப் பிளவுக்குள் இறக்கினார். நாடாவால் இறுக்கிக் கட்டி மேலே கவரைக் கவிழ்த்தார்.

"பழம் காய்க்குமா பாய்?"

"அதை இப்பக் கேக்காதீங்க அக்கா. உயிரோட இருக்குமான்னு மட்டும் தினம் வந்து பாருங்க. தண்ணி..." என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணியை தங்கச்சி பாத்துக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நானும் நிவேதாவும் அந்தச் செடியின் முன்னால் ஆஜர். கவருக்குள் ஆவி படிந்திருக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது. தொடக்கூடாது, திறக்கக்கூடாது. சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். சும்மா எவ்வளவு நேரம் உட்காருவது? பேச வேண்டியிருந்தது.

முதலில் நான்தான் பேசினேன். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். அப்பா கொண்டை ஊசி வளைவில் பாட்டுப் பாடிக்கொண்டே லாரி ஓட்டுவது, ஃபேக்டரியிலிருந்து வரும்போது சட்டையெல்லாம் தேயிலைத் தூள் வாசனை அடிப்பது, பஸ் கிடைக்காத ஒரு பரீட்சை நாளில் தேயிலை மூட்டை மேல் அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போனது... இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசாததையெல்லாம் அந்தப் பாலித்தீன் கவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நடுநடுவே சிரிப்பாள். ஒருநாள் பேங்க்குக்கு லேட்டாகிவிட்டது.

எனக்கு அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தது. உறுத்தவும் செய்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

மூன்றாவது வாரம் முடிவில் கவருக்குள் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. பச்சை அரிசி அளவுதான் இருக்கும். நிவேதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் என்னைத் தொட்டுப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நன்றி சொல்ல நாங்கள் மூன்று பேரும் கூத்தாநல்லூர் போனோம். பஷீர் பாயின் மாடியைப் பார்க்க வேண்டுமே! டிரம்மில் ரம்புத்தான், முட்டைப்பழம், ஜம்பு நாவல், சிமென்ட் தூணைக் கட்டிக்கொண்டு டிராகன். ஒரு மூலையில் வெறும் தொட்டிகளாக ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதின அட்டை மட்டும் நிற்கிறது — துரியன், மங்குஸ்தான், மறுபடி துரியன்.

"இது நம்ம செடிங்களோட கபர்ஸ்தான் அக்கா" என்றார். "எதெது ஏன் போச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன். வர்றவங்ககிட்ட பழத்தைக் காட்டறதுக்கு முன்னாடி இதைத்தான் காட்டுவேன். நாம பண்ணுன தப்பு அடுத்தவனுக்காவது உபயோகப்படட்டுமே."

என் கணவர் அந்த அட்டைகளை ரொம்ப நேரம் படித்துக்கொண்டு நின்றார். 'அளவுக்கு மீறி தண்ணீர்' என்று நாலு அட்டையில் இருந்தது. "பாய் நம்ம ஆளு" என்றார் என்னிடம் ரகசியமாக.

ஒட்டுச்செடி சுண்டைக்காயின் பிடிவாதத்தோடு வளர்ந்தது. மத்தியான வெயில் படாமல் தென்னங்கீற்றில் ஒரு பந்தல். வேர் சூடாகாமல் அடியில் வைக்கோல். வைக்கோலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கிளை லேசில் ஒடியும் என்பதால் மூங்கில் முட்டு. தண்ணீர் ஊற்றும் அதிகாரம் நிவேதா ஒருத்திக்குத்தான். என் கணவர் இன்னமும் செடிப்பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகிறார்.

அடுத்த சித்திரையில் பூத்தது. வெயில் மொத்தத்தையும் உதிர்த்தது. போகட்டும் என்றோம். மார்கழியில் மறுபடி பூத்தது. இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூ, லேசான வாசனை. அந்த மாதத்துக் குளிர்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். ஒன்பது பிஞ்சு பிடித்தது. அதில் ஐந்து உதிர்ந்து நாலு நின்றது. அந்த நாலும் ஆனி வரை அவசரப்படாமல் பழுத்தன.

தெருவே வந்து மூன்று பழத்தைத்தானே பார்த்தது, நாலாவது எங்கே என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நிவேதா முதல் பழத்தைப் பறித்தாள். எங்களை அடுப்படிப் பக்கம் வரவிடவில்லை. தணலுக்கு எங்கே போவது? கேஸ் அடுப்பில் சுட்டாள். தோலை உரித்து, மிளகாயும் பூண்டும் உப்பும் வைத்து நசுக்கினாள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கு ஒரு ஸ்பூன்கூட வராது.

முதல் ஸ்பூனை என் தட்டில் வைத்தாள்.

"நீ முதல்ல சாப்பிடும்மா" என்றேன்.

"நீங்கதானே அத்தை தினம் வந்து பாத்தீங்க" என்றாள்.

புளிப்பும் இனிப்பும் காரமும் ஏதோ ஒரு வாசனையும். நன்றாகத்தான் இருந்தது. நான்தான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவள் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். "இதேதான்" என்றாள். "அப்பா இன்னும் ரெண்டு மிளகாய் வெப்பாங்க." கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டாள். என் கணவர் தட்டை வழித்துக்கொண்டே, "இன்னும் மூணு இருக்கில்ல?" என்றார்.

இதற்கு மேலும் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ராசியான கை என்று விஜயா பிடித்துக்கொண்ட அன்றே முடிவு செய்துவிட்டேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. எழுதினால் சொல்லிவிடலாம். இந்தப் பத்தியைப் பேப்பரில் எழுதுவதோடு என் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது நிவேதாதான். அவள் படிக்காமல் உங்களுக்கு ஒரு வரியும் வராது. ஆகவே, நிவேதா... அந்த ஆனி மாதத்தில் மழை பெய்யவில்லை. பத்து நாளும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என்னை மன்னித்துவிடு.

இதுவரை எழுதி நேற்று அவளிடம் கொடுத்தேன். அவள் ஹாலில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். டைப் அடிக்கிற சத்தம் ஓடியது, ஓடியது... நின்றது.

"அத்தை, இங்க வாங்களேன்."

போனேன். கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"இது எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"நான் திருச்சியிலேருந்து வந்த மறுநாள் காலையிலயே மாமா சொல்லிட்டாங்க. 'என்னால மழை விஷயத்துல மட்டும் பொய் சொல்ல முடியாதும்மா, முப்பத்தொரு வருஷம் உள்ளதை உள்ளபடி எழுதுன கை'ன்னாங்க. அழுதுட்டாங்க பாவம்."

என் கணவரின் ஈஸிசேரைத் திரும்பிப் பார்த்தேன். முழுப் பேப்பரும் விரிந்திருந்தது. பின்னால் ஆள் இருக்கிற அடையாளமே இல்லை.

"தெரிஞ்சும் ரெண்டு வருஷமா ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருந்தா நீங்க சங்கடப்பட்டுக்கிட்டு அந்தச் செடிப்பக்கமே வராம இருந்திருப்பீங்க. நான் மட்டும் தனியா உக்காந்திருப்பேன். இந்த ஊர்ல எங்க அப்பாவைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு அத்தை இருக்காங்க?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் அப்போதுதான் துடைத்தேன். அவள் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்சம் கழித்து, "இப்ப நீ சொன்னதையும் கடைசியில சேத்துடலாமா?" என்று கேட்டேன்.

"சேத்துட்டேங்க அத்தை" என்றாள்.